சத்தம் போடாத வலி

ஜன்னல் திண்டில் ஏறிப் படுத்து வெயில் காய்வது மீனுவின் வழக்கம். 12 வயதில் அது நின்றுபோனது. "பூனைக்கும் வயசாகுமில்லையா" என்றார் பாட்டி. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதும் குறைந்து, முதுகு முடி சிக்குப் பிடித்தது. மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் போனதற்குத் திட்டும் வாங்கியது. ஒருநாள் இடுப்பைத் தடவிய பேத்தியிடம் அது சீறியபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

தன் முட்டிவலிக்கு வைத்திருந்த பாராசிட்டமாலில் பாதியைப் பாலில் கரைக்கப் போனார் பாட்டி. மருமகள் தடுத்து, கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனார்.

"மூட்டுத் தேய்மானம். நல்லவேளை, அந்த மாத்திரையைக் கொடுக்கலை. பூனையோட கல்லீரலால அதை முறிக்க முடியாது, பாதிகூட உயிருக்கு ஆபத்து" என்றார் டாக்டர். "பூனை வலியை மறைக்கும். வழக்கமா செய்யறதை விட்டாலே கவனிக்கணும். திடீர் வலின்னா முகத்துலயே தெரியும்: காது பக்கவாட்டுல திரும்பும், கண்ணு சுருங்கும், தலை தாழ்ந்துடும். நாயா இருந்தா நொண்டும், ஓடாமலே மூச்சிரைக்கும்."

இப்போது மருந்தோடு, ஜன்னலடியில் ஒரு முக்காலியும் இருக்கிறது. அதில் ஏறித் திண்டுக்குப் போகிறது மீனு.

"முட்டிவலிக்காரி எனக்கே தெரியாமப் போச்சே" என்கிறார் பாட்டி.