பொய் என்றோர் உணவு



ஹவாய் மக்களின் பாரம்பரிய உணவுக்குப் "பொய்" என்று பெயர். அதைக் கேட்டதும் என் பேரன், "தாத்தா, போதகர் பொய் சாப்பிடலாமா?" என்றான். மேசையே சிரித்தது.

அது வேறொன்றுமல்ல, நம் சேப்பங்கிழங்குதான். அங்கே அதற்குக் காலோ என்று பெயர். அவித்த கிழங்கை மரப்பலகையில் இட்டு, கற்குழவியால் இடித்து, நீர் சேர்த்துப் பிசைந்தால் சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் ஒரு கூழ் உண்டாகிறது. அதன் பதத்தை விரல் கணக்கில் சொல்கிறார்கள்; கெட்டியானது ஒரு விரல் பொய், இளக இளக இரு விரல், மூன்று விரல். புதிதாய் இடித்தது சற்று இனிக்கும். ஓரிரு நாள் சென்றால் நம் பழைய கஞ்சியைப்போல் புளிக்கும். புளித்ததையே விரும்புகிறவர்கள் அங்கே உண்டு. நானும் அவர்கள் கட்சி.

கலிபோர்னியாவில் பணிபுரியும் மகளும் மருமகனும் இந்தக் கோடை விடுமுறையில் இரு குடும்பத்தாரையும் ஹவாய்த் தீவிலுள்ள கைலுவா என்னும் கடற்கரை ஊருக்கு அழைத்துச் சென்றார்கள். நானும் என் மனைவியும், மருமகனின் பெற்றோரும், கணவரை இழந்தபின் எங்களோடு வாழும் என் அக்காவும் சென்றோம். அக்காவைப் பற்றி அவருடைய அனுமதியோடே எழுதுகிறேன். மகளின் திருமணம் சாதி கடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்கா ஆராதனைக்கு வந்தார், விருந்துக்கு இருக்கவில்லை. ஆறு ஆண்டுகளாகச் சம்பந்தி வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தியதில்லை. "வயிறு சரியில்லை" என்பார். அவர்களும் புரிந்துகொண்டு வற்புறுத்தாமல் இருந்துவிட்டார்கள். அவர்கள் அவ்வாறு புரிந்துகொள்ள நேர்ந்ததே எனக்கு வேதனை.

நாங்கள் சென்றது ஒரு சிறிய உணவகம். காலோ இலையில் பன்றி இறைச்சியைப் பொதிந்து, மேலே டீ என்னும் செடியின் இலையைச் சுற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்த லாவ்லாவ் வந்தது. வேகாத சேம்பிலை தொண்டையை அரிக்கும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஆகவே அங்கும் அவசரப்படுவதில்லை. உப்பிட்ட சால்மன் மீனைத் தக்காளி, வெங்காயத்தோடு பிசைந்த லோமி சால்மனும், தேங்காய்ப்பாலில் செய்த ஹவ்பியாவும் இருந்தன. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மரக்கிண்ணம் நிறையப் பொய்.

பரிமாறிய மூதாட்டி ஒன்று சொன்னார். அவர்களுடைய முன்னோர் கதையின்படி, இறந்து பிறந்த முதற்குழந்தையைப் புதைத்த இடத்தில் காலோ முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவாவின் வழியில் மனிதர் வந்தனர். ஆகவே காலோ அவர்களுக்கு மூத்த சகோதரன். பொய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டையிடலாகாது, மூத்தவன் முன்னிலையில் சச்சரவு தகாது என்பது பழைய வழக்கமாம்.

அக்கா ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்து முகம் சுளித்தார். பக்கத்திலிருந்த சம்பந்தியம்மாள், "மீனைத் தொட்டுக்கிட்டா இறங்கும் மதினி" என்று சொல்லி, தாமும் விரலால் எடுத்து உண்டு, கிண்ணத்தை அக்காவின் பக்கம் நகர்த்தினார். அக்கா சற்றுநேரம் கிண்ணத்தையே பார்த்திருந்தார். பிறகு அதே கிண்ணத்தில் மறுபடியும் விரலை இட்டார். ஒருவரும் பேசவில்லை. என் மனைவி மட்டும் தண்ணீர்க் குவளையைத் தேவையின்றி நகர்த்தி வைத்தாள்.

அந்தக் கைலுவாவுக்கே பந்தியைக் குறித்து ஒரு சரித்திரம் உண்டு. முற்காலத்தில் 'கபு' என்னும் விலக்குச் சட்டத்தின்படி ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணலாகாது. பன்றி இறைச்சியும் தேங்காயும் பெரும்பாலான வாழைப்பழ வகைகளும் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. மீறினால் மரண தண்டனையும் விதிக்கப்படலாம். 1819இல் முதலாம் கமேஹமேஹா இறந்தபின், அவருடைய மகன் லிஹோலிஹோ ஒரு விருந்தில் பெண்களின் பந்தியில் போய் அமர்ந்து உண்டார். அவரை அதற்குத் தூண்டியவர்கள் தாய் கியோபுவோலானியும், மறைந்த அரசரின் மனைவி காஹுமானுவும். இதில் அரசியலும் கலந்திருந்தது, மறுப்பதற்கில்லை. எதிர்த்தவர்களோடு அவ்வாண்டே போர் மூண்டு இரத்தமும் சிந்தியது. ஆயினும் கபு திரும்பவில்லை.

பாஸ்டனிலிருந்து புறப்பட்ட முதல் மிஷனரிகள் அப்போது நடுக்கடலில் இருந்தார்கள்! 1820இல் அவர்கள் கரையிறங்கியபோது அந்தச் சுவர் ஏற்கெனவே விழுந்துகிடந்தது. அவர்களை அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டுதான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் ஆட்களை அனுப்பியது. மதுரையில் 1847இல், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் அமர்ந்து உண்ணவேண்டும் என்று மிஷன் கேட்டபோது, ஊழியர்கள் பலர் வேலையை விட்டார்களேயன்றிப் பந்தியில் அமரவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் போதித்தவர்கள்! அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் விலகிக்கொண்டதையும், பவுல் அதை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்ததையும் கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிரசங்கத்தில் ஒத்துக்கொள்வதைப் பந்தியில் ஒத்துக்கொள்வது அப்போஸ்தலனுக்கே கடினமாயிருந்தது.

நம் சபையின் அசனப் பண்டிகை நெருங்குகிறது. சோறும் குழம்பும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் பந்தியில் உட்காராமல் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. நோயுற்றோருக்கும் முதியோருக்கும் கொண்டு செல்கிறவர்களை நான் சொல்லவில்லை. நான் யாரைச் சொல்கிறேன் என்பது சபைக்குத் தெரியும்.

இம்முறை முதற்பந்திக்கு இலை போடும் பொறுப்பை அக்கா கேட்டு வாங்கியிருக்கிறார். சம்பந்தி வீட்டாரும் ஊரிலிருந்து வருகிறார்கள்.