தாஹோ ஏரியின் தெளிவு

வட அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் 1,897 மீட்டர் உயரத்தில், கலிபோர்னியா, நெவாடா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் பரந்து கிடக்கிறது தாஹோ ஏரி. இதன் நீளம் 35 கிலோமீட்டர். அகலம் 19 கிலோமீட்டர். ஆழமோ 501 மீட்டர். 63 ஓடைகள் இதில் வந்து கலக்கின்றன. வெளியேறும் வழியோ டிரக்கி என்னும் ஓர் ஆறு மட்டுமே. அந்த ஆறும் கடலைச் சேராது, பாலைநிலத்துப் பிரமிட் ஏரியில் சென்று அடங்கிவிடுகிறது.

நாம் அங்குச் சென்றது ஓர் அக்டோபர் மாதத்தில். படகுத்துறையில் நின்று நோக்கினால், நீரின் அடியில் கிடக்கும் உருண்டைப் பாறைகளைத் தனித்தனியே எண்ணலாம். தென்கரையில் டெய்லர் ஓடையைக் காணச் சென்றோம். 1944-ஆம் ஆண்டு முதல் இவ்வேரியில் வாழும் கோகனி என்னும் சால்மன் மீன்கள், செந்நிறம் பூண்டு, முட்டையிடுவதற்காகக் கூட்டங்கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. முட்டையிட்டபின் அவை இறந்துபோகின்றன.

கோடையில் பாய்மரப் படகும் துடுப்புப் படகும் ஏரியை நிறைக்கின்றன. குளிர்காலத்தில் சூழ்ந்துள்ள மலைகள் பனியால் மூடப்படுகின்றன. 1960-இல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றது அருகிலுள்ள பள்ளத்தாக்கில்தான். எனினும் ஏரி உறைவதில்லை. மேற்பரப்பில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்க, அடியிலுள்ள வெப்பமான நீர் மேலெழுகிறது. ஆழம் மிகுதியாதலால் உறைநிலை எட்டப்படுவதில்லை. ஆகவே கொட்டும் பனியிலும் மீனவர்கள் படகேறி, ஆழத்தில் உலவும் மக்கினா ட்ரௌட் மீனைத் தேடிச் செல்கின்றனர்.

இத்துணை எழிலுக்கும் வந்த இடரை நாம் சிந்திக்க வேண்டும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளப்பது இங்குள்ள வழக்கம். 1968-இல் அந்தத் தட்டு சராசரி 31 மீட்டர் வரை தெரிந்தது. 2017-இலோ 18 மீட்டர்தான். சாலைகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் அடித்துவரப்படும் நுண்துகள்களும், நீரில் தழைக்கும் பாசியுமே இதற்குக் காரணங்கள். நல்லெண்ணமும் தீங்கு விளைத்ததுண்டு. 1960-களில், மீன்களுக்கு இரையாகட்டும் என்று மைசிஸ் என்னும் சிறு இறாலினத்தை ஏரியில் விட்டனர். அதுவோ, பாசியை உண்டு நீரைத் தூய்மை செய்துவந்த டாப்னியா என்னும் நுண்ணுயிரை உண்டு தீர்த்தது! இவ்வேரியில் இயல்பாக வாழ்ந்துவந்த லஹோன்டன் ட்ரௌட் மீனும், மிகையான மீன்பிடிப்பாலும் அயல் மீன்களின் வரவாலும் அதற்கு முன்பே இங்கு அழிந்துபோயிருந்தது.

ஆயினும் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. கழிவுநீர் முழுவதும் மலைக்கு அப்பால் குழாய்வழி கொண்டு செல்லப்படுகிறது. 1999-இல், எண்ணெயை நீரில் கலக்கும் பழைய வகைப் படகு இயந்திரங்கள் தடை செய்யப்பட்டன. 2008 முதல், அயல் சிப்பியினங்கள் தொற்றி வராதவாறு, ஏரியில் இறங்கும் இயந்திரப் படகுகள் சோதிக்கப்படுகின்றன. சொந்தப் படகேயாயினும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்று ஏரிக்குள் நுழையும் ஒரு துளி நீர் வெளியேற ஏறத்தாழ 650 ஆண்டுகள் ஆகும் என்பர். ஆதலின், இன்று கலக்கும் மாசு பல தலைமுறைகளுக்கு அங்கேயே தங்கும். உல்லாசத்துக்காக வருவோர் ஒரு நாள் தங்கிப் போய்விடுவர்; அவர்கள் விட்டுச் செல்வதோ அவர்தம் பேரப்பிள்ளைகளின் காலத்துக்குப் பின்னும் நீரில் நிலைத்திருக்கும். நீர்நிலை எதுவாயினும், அதில் மகிழ்ந்து விளையாடும் உரிமையோடு அதைக் காக்கும் கடமையும் நம் கையில் தரப்பட்டுள்ளது.