எதிர்முகமாய் நடப்போம்

மூடுபனி விலகாத விடியற்காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே நின்று மகாவலி கங்கையை நோக்குவது பேரின்பம். ஆயினும் கங்கையையே பார்த்து மெய்ம்மறந்து நிற்பது அறிவுடைமையாகாது. கண்டியிலிருந்து மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் பெருஞ்சாலையும், குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் சாலையும் பிரியும் ஊர் இது. லொறிகளும் பஸ் வண்டிகளும் விடியுமுன்னரே ஓடத் தொடங்கிவிடும்.

எம் மகனுக்குப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நெடுந்தூர ஓட்டம் ஓட ஆவல். நாள்தோறும் இருள் பிரியுமுன் எழுந்து பழகலானான். "தம்பி, வீதியின் இடப்பக்கமாகவே ஓடு, அதுதான் முறை" என்று நாமே புத்தி கூறினோம். பிள்ளை எம் சொல்லைத் தட்டாதவன். துணையாக நாமும் பின்னே நடந்தோம்.

ஒருநாள், பின்னால் வந்த லொறியொன்று எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம்விட்டு ஓரத்துக்கு ஒதுங்கியது. அதன் பக்கப்பலகை மகனின் தோளை உரசிச் சென்றது. கருநீலச் சட்டையணிந்து ஓடியவனை அந்த அரையிருளில் சாரதி கண்டிருக்கமாட்டார். முதுகுப்புறம் வந்த லொறியை அவனும் காணவில்லை. சிறு கீறலோடு தப்பினான். "அப்பா, நீங்கள் சொன்ன பக்கத்தில்தானே ஓடினேன்?" என்று அவன் கேட்டபோது எமக்கு நாவெழவில்லை.

குற்றம் எம்முடையதே. இடப்பக்கம் என்பது வண்டிகளுக்குரிய முறை. நடைபாதை உள்ள இடத்தில் பாதசாரி அதன்மேல் செல்லவேண்டும். அஃதில்லாத இடத்தில், வண்டிகளை எதிர்நோக்கி வலப்பக்க ஓரமாகச் செல்வதே நன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறது. சாரதி ஆளைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் அவ்வளவு தூரமும் போய்விடும். நாம் வண்டியை முன்னரே கண்டுகொண்டால், அந்த ஒரு வினாடியில் விலகி உயிர் தப்பலாம்.

மலைநாட்டு முடக்குகளில் மட்டும் தனிக்கவனம் தேவை. வலப்பக்கம் மண்மேட்டை ஒட்டித் திரும்பும் முடக்கில், எதிரே வரும் சாரதிக்கு நாம் தெரியமாட்டோம். ஆகவே முடக்கை அடையுமுன் இருபுறமும் நோக்கி மறுபக்கம் கடந்து, அதனைத் தாண்டியபின் மீள்க.

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி உயிர்நீத்தார். பிரித்தானியாவில் அவ்வாறு மாண்ட முதற் பாதசாரி அவரே. அக்காலத்தில் மோட்டார் வண்டி ஒரு புதுமை. அதன் போக்கை மக்கள் அறியார். பிறந்தது முதல் வண்டிகளின் இரைச்சலிலேயே வளர்ந்த எமக்கோ அச்சாக்கு இல்லை.

எம் இல்லத்தில் இப்போது சில கட்டுப்பாடுகள் உண்டு. இருளில் செல்வோர் வெள்ளாடை அணியவேண்டும். கதைபேசிக்கொண்டு வீதியை அடைத்து நடவாமல், ஒருவர் பின் ஒருவராகச் செல்லவேண்டும். கைத்தொலைபேசிப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடுதல் கூடாது.

சில நாட்களின் பின் மகன் வெள்ளைச் சட்டையணிந்து வலப்பக்கமாக ஓடினான். நாமும் அவ்வழியே பின்தொடர்ந்தோம். எதிரே வந்த பஸ்ஸின் சாரதி தம் விளக்கொளியைத் தாழ்த்தி, சற்றே விலகிச் சென்றார். அவர் எம்மைக் கண்டுவிட்டார் என்று அறிந்தோம். நாமும் அவரைக் கண்டிருந்தோம். வீதியில் நடப்போர்க்கு வேண்டுவது அவ்வளவே.