பாம்பு, ஏணி, கம்பெனி பஸ்

முப்பது வயதுக்கு மேல் ஒருவர் கிரிக்கெட் ஆடினால் 'ஸ்போர்ட்ஸ்மேன்' என்கிறார்கள். செஸ் ஆடினால் புத்திசாலி. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சீட்டு ஆடினால், 'நாலு பேரோட பழகத் தெரிஞ்சவர்'. வீடியோ கேம் ஆடினால் மட்டும், 'இன்னும் சின்னப்புள்ளைப் புத்தி போகலை!' இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்க யாரும் இல்லாததால் நானே பேனாவை எடுத்துவிட்டேன்.

எனக்கு ஒரகடத்தில் உத்தியோகம். பெரிய கார் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கம்பெனிக்கு பிராக்கெட் செய்து தரும் சின்னக் கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்‌ஷன். ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து, ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோடு எங்களுடையது. அந்த வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் பைக், டயர், செல்போன் என்று எல்லாம் செய்கிறார்கள். காலை ஆறரை மணிக்கு ஒரகடம் ஜங்ஷனில் நின்று, நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்களை எண்ண ஆரம்பித்தால், எண்ணி முடிப்பதற்குள் உங்கள் டிபன் ஆறிவிடும்.

பஸ்ஸுக்குள் இரண்டே ரகம். வாயைத் திறந்து தூங்குகிறவர்கள், போனில் முகம் புதைத்தவர்கள். இரண்டாவது ரகத்தில் உட்பிரிவு உண்டு. போனை நெட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தால் ஊரில் யாரிடமோ பேசுகிறான். படுக்கைவசத்தில் பிடித்திருந்தால் யாரையோ சுடுகிறான்.

அந்தச் சுடுகிற கேமின் சரித்திரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை போட்டது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் மறுபடி முளைத்தது. தமிழ் சினிமா ஹீரோகூட இத்தனை தடவை செத்துப் பிழைத்ததில்லை.

சினிமா என்றதும் ஒரு விஷயம். வீடியோ கேமைக் கண்டுபிடித்தது ஜப்பான்காரனோ அமெரிக்காக்காரனோ இல்லை, நம் ஸ்டண்ட் மாஸ்டர்கள்தான் என்பது என் கட்சி. யோசித்துப் பாருங்கள். இருபது அடியாட்கள் ஹீரோவைச் சூழ்ந்து நிற்பார்கள். ஆனால் ஒருத்தன் அடி வாங்கி முடிக்கிற வரைக்கும் மற்ற பத்தொன்பது பேரும் கத்தியை ஆட்டிக்கொண்டு வரிசையில் காத்திருப்பார்கள். ரேஷன் கடையில்கூட அந்த ஒழுங்கு கிடையாது! கடைசியில் டிரம்மும் சங்கிலியும் தொங்குகிற குடோனில் பெரிய வில்லன். கேமில் 'பாஸ் ஃபைட்' என்கிறோமே, அதேதான். இன்டர்வெல் என்பது 'சேவ்' பண்ணுகிற இடம்.

நம் டைரக்டர்களும் பிற்பாடு இதை வெளிப்படையாகவே செய்துவிட்டார்கள். 2019-ல் வந்த 'கேம் ஓவர்' படத்தில் டாப்ஸிக்கு வேலையே கேம் டிசைன் பண்ணுவது. கதையும் மூன்று உயிர்க் கணக்கில் போகும். 2021-ல் 'மாநாடு'. சிம்பு செத்தால் மறுபடி விமானத்தில் கண் விழிப்பார். விட்ட இடத்திலிருந்து இல்லை, ஆரம்பித்த இடத்திலிருந்து! இதற்கெல்லாம் முன்னால் 2001-ல் '12பி'. பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, விட்டுவிட்டால் இன்னொரு வாழ்க்கை. சென்னையில் அதைக் கற்பனை என்றார்கள். எங்கள் ரோட்டில் அது தினசரி நடப்பு. கம்பெனி பஸ்ஸை விட்டவனுக்கு அன்றைக்கு லீவ்தான். சம்பளத்தில் ஒரு நாள் காலி.

சினிமா கேமிலிருந்து எடுத்துக்கொண்டது போல, கேமும் எங்கெங்கோ போய் எதையெதையோ எடுத்துக்கொள்கிறது. 2023-ல் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. டொராண்டோவில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோ செய்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். துப்பாக்கி இல்லை, கார் ரேஸ் இல்லை. சமையல்! பாட்டி எழுதின சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரியை நாம் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதல் சவாலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும் என்பதுதான் கேள்வி. 2024-ல் இங்கிலாந்தின் பாஃப்டா, புதுமுகங்களின் முதல் கேமுக்கான பரிசை இதற்குக் கொடுத்தது.

லேப்டாப்பில் நான் இட்லித் தட்டோடு போராடிக்கொண்டிருந்ததை அம்மா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடா இது?"

"இட்லி ஊத்தறேம்மா. ரெண்டு தடவை சொதப்பிடுச்சு."

"ஃபிரிட்ஜுல நெஜ மாவே இருக்கு. எழுந்து போய் அதை ஊத்தேன்!"

நியாயம்தான். ஆனால் அம்மா கவனிக்காத ஒரு வித்தியாசம் உண்டு. நிஜ மாவைச் சொதப்பினால் ராத்திரிச் சாப்பாடு போச்சு. கேமில் சொதப்பினால் எதுவும் போகாது, மறுபடி ஊற்றலாம். கேம் என்பதன் மொத்த ரகசியமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உலகத்தில் இலவசமாகத் தோற்கக்கூடிய ஒரே இடம் அது.

எங்கள் பக்கத்து வாழ்க்கையில் எதையும் இலவசமாகத் தோற்க முடியாது. பீஸ் ரிஜெக்ட் ஆனால் மீட்டிங். லைன் நின்றால் எத்தனை நிமிஷம் என்று கணக்கு. பஞ்சிங் பத்து நிமிஷம் லேட்டானால் அரை நாள் கட். கான்ட்ராக்ட் பையன்களுக்கு, அடுத்த மாதம் இதே கேட்டுக்குள் விடுவார்களா என்பதே சஸ்பென்ஸ். அப்படிப்பட்டவன் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறி, பதினைந்து நிமிஷத்தில் நாலு தடவை செத்துப் பிழைத்தால் அவன் மனசுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? ஓய்வு. தூக்கம் உடம்புக்கு, இது அதற்கும் உள்ளே இருக்கிற எதற்கோ.

நிஜத்தில் 'கன்டின்யூ' பட்டன் இல்லை என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 'பாம்பு' ஆட்டத்தை ஊருக்கெல்லாம் பழக்கியது நோக்கியா போன். யோசனை பழசு, 1976-லேயே காசு போட்டு ஆடுகிற மெஷினில் இருந்தது. 1997-ல் வந்த 6110 மாடலுக்காக டானெலி அர்மான்டோ என்ற ஃபின்லாந்துக்காரர் அதைச் செல்போனுக்குள் நுழைத்தார். தின்னத் தின்னப் பாம்பு நீளும். நீள நீளத் தன் உடம்பே தனக்கு எமன். பைக்குக்கு ஒரு இ.எம்.ஐ., போனுக்கு ஒரு இ.எம்.ஐ., வாஷிங் மெஷினுக்கு ஒரு இ.எம்.ஐ. என்று வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. பிளஸ் டூ முடித்த பெண்கள் பல ஜில்லாக்களிலிருந்து வந்து முதல் சம்பளம் வாங்கிய இடம் அது. அப்புறம் வரித் தகராறு. போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் கைமாற முடியாமல் நின்றது. 2014 நவம்பர் 1-ம் தேதியோடு உற்பத்தி சரி. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. அவர்கள் எந்த பட்டனை அழுத்தியிருக்க முடியும்? சில வருஷம் கழித்து அதே வளாகத்தை சால்காம்ப் கம்பெனி எடுத்துக்கொண்டு சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. போன் பிறந்த இடத்தில் போனுக்கு உயிர் ஏற்றுகிற வேலை. இடத்துக்கு இன்னொரு உயிர் கிடைத்துவிட்டது. ஆட்களுக்கு அப்படியா?

நோக்கியா 3310-ல் பாம்போடு இன்னொரு ஆட்டமும் இருந்தது. பெயர் 'பந்துமி'. குழியிலிருந்து அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். முதல் தடவை அதைப் பார்த்த என் பாட்டி, "அட, பல்லாங்குழி!" என்றார். குழி எண்ணிக்கை கொஞ்சம் வித்தியாசம், மற்றபடி ஒரே வம்சம். ஃபின்லாந்து போனில் பல்லாங்குழி, ராமானுஜர் அவதரித்த ஊரில் போன் தொழிற்சாலை. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கிறவர்கள் ராத்திரி பூராவும் பரமபதம் ஆடுவார்களே, எங்கள் நைட் ஷிப்டுக்கெல்லாம் முன்னோடி அதுதான். ஏணியில் ஏறி, பாம்பில் இறங்கி, விடிகிறபோது யார் வைகுண்டம் போனார், யார் கீழே கிடந்தார் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

பாட்டியிடம் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் சோழி, புளியங்கொட்டை எல்லாம் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர் இருவருமே வெறுங்கையோடு எழுந்திருக்க வேண்டும். "கையில ஏதாவது ஒட்டிக்கிட்டு வந்தா அது ஆட்டம் இல்லடா" என்பார்.

இதன் அர்த்தம் எங்கள் ரூமில் இருந்த ஒரு தம்பியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், லைனில் கான்ட்ராக்ட். பி.ஜி.எம்.ஐ.யில் தொடர்ந்து பதினொரு தடவை செத்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பான். திடீரென்று சில மாதங்களாக அமைதி. போன் கையில்தான் இருக்கிறது, சத்தம் இல்லை. 'பரவாயில்லையே, பக்குவம் வந்துடுச்சு' என்று மற்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. கேமில் தோற்கிறவன் கத்துவான். பணத்தில் தோற்கிறவன்தான் பேசமாட்டான்.

ஆன்லைன் ரம்மி. முதலில் ஐம்பது, நூறு. அப்புறம், ஊரில் போர் போடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த தொகை. "விட்டதை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடலாம்னுதாண்ணா இருந்தேன்" என்றான். விட்டதை எடுப்பது என்பது பாம்பு தன் வாலைப் பிடிக்கப் போகிற கதை. அந்த விளம்பரங்களின் கடைசியில், 'பண இழப்பு அபாயம் உண்டு, பழக்கத்துக்கு அடிமையாகலாம்' என்று ஒருவர் மூச்சு விடாமல் எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓதுவாரே, அவர் மெதுவாகப் பேசியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

இது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று கோர்ட்டில் வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. தமிழ்நாடு அரசு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது, 2023-ல் கவர்னர் கையெழுத்தானது. ரம்மி திறமை ஆட்டம் என்று அதே வருஷம் ஹைகோர்ட் சொன்னது. 2025 தொடக்கத்தில், காசு கட்டி ஆடுகிற ஆட்டங்கள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை கூடாது என்று அரசு விதி போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதை எழுதியவர் ராத்திரியில் தூங்குகிறவர் போலிருக்கிறது. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு நள்ளிரவு என்பது பகல் பதினொரு மணி! கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவுமே கூடாது என்று சட்டம் போட்டது. பாட்டி ஒரே வரியில் சொன்னதற்கு இத்தனை வருஷம்.

வள்ளுவர் இன்னும் சுருக்கம். கள்ளுண்ணாமை 93-வது அதிகாரம், சூது 94, அடுத்த 95 மருந்து. வரிசையைப் பார்த்தாலே விஷயம் புரிகிறது.

ஆகவே மகாஜனங்களே, பையன் கேம் ஆடுகிறான் என்று பெண் கொடுக்க யோசிக்காதீர்கள். ஆடி முடித்து எழுந்திருக்கும்போது கையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தம்பி கடனை அடைக்க ஒன்பது மாதம் ஓ.டி. பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. போன மாதம் ஒரு விடியற்காலை, சுங்குவார்சத்திரம் தாண்டும்போது பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து ஓர் அலறல்: "டேய், பின்னாடிடா, பின்னாடி! ஐயோ... செத்துட்டேண்டா!"

முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் திடுக்கிட்டு எழுந்து, "யாருய்யா செத்தது?" என்றார்.

"யாரும் சாகலை சார், நீங்க தூங்குங்க" என்றேன்.