சாயம் விடாத கதவு

எங்கள் பத்மினியைப் பற்றி இங்கே முன்பும் எழுதியிருக்கிறேன். 1991-ல் வங்கியில் கடன் போட்டு வாங்கிய கருநீல வண்டி. இப்போது வாரம் ஒருமுறை ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போய் வருவதோடு சரி. திருச்சி வெயில் தின்று தின்று, பானெட்டில் கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. பெயிண்ட் கடையில் விலை கேட்டேன். அவர்கள் சொன்ன தொகைக்கு வீட்டுக்கே வெள்ளையடித்துவிடலாம். நாமே பார்ப்போம் என்று போன தை மாதம் இறங்கினேன்.

முதல் விஷயம், வெயிலில் செய்யவே கூடாது. தகரம் சுட்டால் பூசியது உடனே காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். காலை ஆறு மணிக்கு, வாசல் நிழலில் ஆரம்பித்துவிடுவேன். போர் தண்ணீரைத் தானாகக் காய விட்டால் வெள்ளை வட்டம் விழும். உடனே துடைத்துவிட வேண்டும். கழுவிய பிறகு கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருக்கெல்லாம் நெருநெருவென்று விரலுக்குத் தெரியும். அதை எடுக்க களிமண் போல ஒரு கட்டி விற்கிறார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கட்டி தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். காசைப் பார்த்து அதையே எடுத்துத் தேய்த்தால், ஒட்டிய மணல் கீறிவிடும். (நான் காசைப் பார்த்தேன். டிக்கியில் அதன் அடையாளம் இருக்கிறது.)

அடுத்தது பாலிஷ். ஒரு சாண் அகலம் எடுத்துக்கொண்டு தேய்த்தால் துணி நீலமாகும். பயப்பட வேண்டாம். எங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைப் பூச்சு. செத்துப்போன மேல் நிறம்தான் துணியில் வருகிறது. இந்தக் கால வண்டிகளில் நிறத்துக்கு மேல் கண்ணாடி போல கிளியர் கோட்டு ஒன்று இருக்கும். அதனால் துணியில் நிறம் வராது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் மட்டும் கை மென்மையாக இருக்கட்டும். அங்கே பெயிண்ட் மெல்லிசு.

மூன்றாம் நாள் இடது பின்கதவுக்கு வந்தேன். அரை மணி தேய்த்தும் துணி வெள்ளையாகவே இருந்தது. பாலிஷ் கெட்டுவிட்டதோ என்று முன்கதவில் தேய்த்தேன், நீலம் வந்தது. திரும்பவும் பின்கதவு, வெள்ளை. இத்தனை வருஷமாக அந்தக் கதவு மட்டும் பளபளப்பாக இருந்ததற்கு, சுவரோரம் நிழல்பட நிற்கிறது என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். உள்ளே போய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த முருகன் காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தேன். மேலே ஒட்டியது. கைப்பிடிக்குக் கீழே வழுக்கி விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் தகரத்தின் மேல் கனமாகப் பட்டி இருந்தால்தான் அப்படி விழும்.

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

2006-ல் நானும் மனைவியும் காசிக்குப் போய் வந்தோம். திரும்பியபோது மீட்டரில் 130 கிலோமீட்டர் கூடியிருந்தது. அந்தக் கதவின் கைப்பிடியும் புதிது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகனைக் கேட்டேன், தெரியாது என்றான். வண்டிச் சாவி டிரைவரிடமும் ஒன்று இருந்தது. வெளிச் சவாரிக்கு ஓட்டினாயா என்று அவரை வாசலில் நிற்க வைத்துக் கேட்டேன். அவர் வாயே திறக்கவில்லை. குற்றமுள்ளவன் பேசமாட்டான் என்று அன்றே கணக்கு முடித்து அனுப்பினேன். ஒன்பது வருஷம் ஓட்டியவர்.

மகனுக்குப் போன் போட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "தஞ்சாவூருக்கு எடுத்துட்டுப் போனேம்ப்பா. வர்ற வழியில மைல்கல்லுல இடிச்சுட்டேன்" என்றான். நண்பனின் மாமா பட்டறையில் மூன்று நாளில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தார்களாம்.

கையில் எடுத்த வேலையை நிறுத்தவில்லை. அன்று சீலண்ட் பூசினேன். இது செயற்கைச் சரக்கு, சுத்தமான பெயிண்டில்தான் பிடிக்கும். அதனால் மெழுகுக்கு முன்னால் இதுதான். ஒரு ராத்திரி விட்டு மறுநாள் மெழுகு. கார்னௌபா என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அது பிரேசிலில் ஒரு பனைவகையின் ஓலையிலிருந்து எடுப்பது. பளபளப்பு அதற்குத்தான், ஆயுள் சீலண்டுக்கு. இரண்டையுமே கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பூசுங்கள். அப்பிவிட்டால் துடைத்தே கை ஓய்ந்துவிடும்.

அடுத்த ஞாயிறு அதே வண்டியில் வயலூர் ரோடு போனேன். நாலு பேரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். அது எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று.

"உங்களுக்குத் தெரியுமா அப்பவே?" என்றேன்.

"தெரியும் சார். தம்பி ரொம்ப அழுதுச்சு. படிக்கிற புள்ள."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேட்டது அதையில்லையே சார். திருடினியான்னுல்ல கேட்டீங்க."

எனக்கு வார்த்தை வரவில்லை. மன்னிச்சுடுங்க என்று சொன்னதாகத்தான் ஞாபகம். அவர் காதில் விழுந்ததோ என்னவோ, என்னைத் தாண்டித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வண்டியா அது?"

இறங்கி வந்து ஒரு சுற்று சுற்றினார். கிரில் இடுக்கில் மெழுகு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நான் கவனிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, குனிந்து துடைக்க ஆரம்பித்தார்.