கரடியைக் கண்டோம், கண்ணீரைக் கண்டோமா?

கைக்குள் அடங்கும் கண்ணாடித் திரையிலே, காலை முதல் இரவு கண்ணயரும் வரை, காட்சிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பூனைக்குட்டி புரள்கிறது, அடுத்து, போர்க்களம். குழந்தை தும்முகிறது, அடுத்து, சரிந்து விழும் சர்வாதிகாரியின் சிலை, அதன் அடியிலே ஒரு கேலி வரி. நகையும் மழலையும் நாடுகளின் வரலாறும் ஒரே இலையில் பரிமாறப்படும் விந்தை விருந்து இது! விருந்தே வேண்டாம் என்போர் அல்லர் நாம். சிரிப்பைக் கண்டு அஞ்சுவோர் ஆதிக்கக்காரர்கள், நமக்கென்ன அச்சம்? ஆயினும், உண்டு எழுந்த பிறகு உள்ளத்திலே தங்குவது எது என்று பார்க்க வேண்டாமா?

அடிக்கடி நம் கண்முன் வரும் படமொன்று உண்டு. படைவீரர்களின் நடுவே ஒரு கரடி. வோய்டெக் என்பது அதன் பெயர். பீர் குடிக்கும் கரடி! சிகரெட் கேட்கும் கரடி! மற்போர் புரியும் கரடி! பார்க்கிறோம், சிரிக்கிறோம், நண்பருக்கு அனுப்புகிறோம். விரல் நகர்கிறது, அடுத்த படம் வருகிறது.

கட்டுக்கதையோ என்றால், இல்லை. 1942இல் ஈரான் நாட்டிலே, போலந்துப் படையினர் ஒரு சிறுவனிடமிருந்து அந்தக் குட்டியைப் பெற்றனர். பீரங்கிக் குண்டுகளைக் கொண்டு சேர்க்கும் 22ஆவது கம்பெனி அதை வளர்த்தது. 1944இல், இத்தாலியின் மோன்டே காசினோப் போரிலே அது குண்டுப் பெட்டிகளைச் சுமந்தது என்று உடனிருந்தோர் கூறினர். குண்டேந்திய கரடியே அந்தக் கம்பெனியின் சின்னமும் ஆயிற்று.

சரி, கரடி ஈரானிலே பிறந்தது. போலந்துக்காரன் அங்கே வந்தது ஏன்? இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், தோழர்களே! சிரிப்பு தொண்டையிலே நின்றுவிடும்.

1939 செப்டம்பர் 1ஆம் நாள், இட்லரின் படை மேற்கிலிருந்து போலந்தில் புகுந்தது. 17ஆம் நாள், ஸ்டாலினின் படை கிழக்கிலிருந்து புகுந்தது. 1940, 1941ஆம் ஆண்டுகளில் கிழக்குப் பகுதி மக்கள் இலட்சக்கணக்கில், குடும்பம் குடும்பமாக, சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டுச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் அனுப்பப்பட்டனர். இட்லர் சோவியத் நாட்டின்மீதே பாய்ந்த பிறகுதான் அவர்களுக்கு விடுதலை பிறந்தது. ஜெனரல் ஆண்டர்ஸ் தலைமையில் படை திரண்டது. 1942இல் ஈரான் சென்று சேர்ந்தோர் 1,00,000க்கும் மேல். படைவீரர் மட்டுமா? தாய்மார்கள், தள்ளாதவர்கள், தாய் தந்தையற்ற பிள்ளைகள்! பிழைத்தோம் என்று காஸ்பியன் கடலைத் தாண்டி வந்தவர்களிலே பலரை, பசியும் நோயும் ஈரானிலேயே சாய்த்தன. டெஹ்ரானில் அவர்களுடைய கல்லறைகள் இன்றும் உள்ளன.

அந்தப் பிள்ளைகளிலே ஒரு பகுதியினருக்கு, குஜராத்தில் ஜாம்நகரை அடுத்த பாலாசடியில் புகலிடம் கிடைத்தது. நம் நாட்டு மண்ணை மிதித்த அந்தக் குழந்தைகளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கரடி குடித்த பானம் மட்டும் நமக்கு மனப்பாடம்!

வீடிழந்தவன், மனைவி மக்கள் எங்கே என்று அறியாதவன், தாயற்ற குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அந்தக் கொஞ்சல் வெறும் வேடிக்கையல்ல. வெந்த நெஞ்சம் தேடிய குளிர்ச்சி. அதை அறிந்து படத்தைப் பார்த்தால், கரடி இன்னும் அழகாகத்தான் தெரியும். அறியாமல் பார்த்தாலோ, நாட்டைப் பங்கு போட்டவனும் மக்களை வண்டியில் அடைத்தவனும் அந்தக் குட்டியின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொள்வார்கள். கொடுமைக்காரனுக்கு இதைவிட நல்ல திரை வேண்டுமா?

போர் முடிந்தது, போலந்து சோவியத் பிடியிலே சிக்கியது. வீரர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. 1947இல் வோய்டெக், ஸ்காத்லாந்தின் எடின்பரோ விலங்குக் காட்சிசாலையில் அடைக்கப்பட்டது. 1963இல் அங்கேயே இறந்தது. பழைய தோழர்கள் தேடிச் சென்று, வேலிக்கு வெளியே நின்று, போலந்து மொழியிலே பெயர் சொல்லி அழைப்பார்களாம். உள்ளே ஒரு கரடி, வெளியே ஒரு மனிதன். இருவருக்கும் திரும்பிப் போக ஊரில்லை.

சிரியுங்கள், தோழர்களே! சிரித்த பின் "ஏன்?" என்று கேளுங்கள். படத்தை அனுப்பும்போது, ஆண்டையும் ஊரையும் இரண்டு வரியிலே எழுதி அனுப்புங்கள்.