தகட்டுக்குள் என்ன இருக்கிறது?

2018 அக்டோபர் 22 அன்று நியூ சவுத் வேல்ஸில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. இரண்டு தளமோ அதற்கு மேலோ உள்ள பிளாட் கட்டடங்களின் வெளிச்சுவரில் எரியக்கூடிய கிளாடிங் இருந்தால், உரிமையாளரே அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடங்களுக்குக் கெடு 2019 பிப்ரவரி 22. உரிமையாளர் யார்? வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது. ஆகவே பிளாட் வாங்கிய நாங்கள் அனைவரும் சேர்ந்த ஸ்ட்ராட்டா சங்கம்தான்.

எங்கள் கூட்டத்தில் இதைப் பேசியபோது, கீழ்த்தளத்தில் இருக்கும் தமிழ்ப் பையன், "அங்கிள், டெஸ்ட் பண்ணி ஏதாவது வந்துட்டா பிளாட்டை விற்கவே முடியாது. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டுமே" என்றான். வீட்டுக் கடன் இன்னும் 25 வருஷம் பாக்கி அவனுக்கு. பயம் நியாயமானதுதான். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சங்கடம் என்னவென்றால், இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சுமார் நாலு மில்லிமீட்டர் கனமுள்ள பேனல். இரு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு. நடுவில் பாலிஎத்திலீன், அதாவது நம் ஊரில் பால் பாக்கெட் செய்கிற பிளாஸ்டிக். சில பேனல்களில் நடுவே பெரும்பகுதி கனிமப் பொருள் இருக்கும். அது சுலபத்தில் எரியாது. வெளியே இரண்டும் ஒரே பளபளப்பு. கட்டட வரைபடத்தில் எழுதியதைத்தான் சுவரில் மாட்டினார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை (வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை). பல இடங்களில் சிறு துண்டுகள் வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும்.

மெல்பனில் 2014 நவம்பரில் லாக்ரோஸ் கட்டடத்தின் 8-ஆம் தள பால்கனியில் சரியாக அணைக்காத ஒரு சிகரெட். தீ வெளிச்சுவர் வழியாகவே 21-ஆம் தளம் வரை ஏறியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் போனார்கள். அங்கே குடியிருந்தவர்கள் தீ ஆபத்தைப் பற்றி முன்பே எழுதி எச்சரித்திருந்தார்கள்.

இவ்விரண்டையும் கூட்டத்தில் சொன்னேன். இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. முன்பக்கப் பேனல்களில் ஆபத்தில்லை. பின்பக்க பால்கனிகளை ஒட்டி இருந்தவை முழுக்கப் பிளாஸ்டிக். பதிவு செய்தோம். அவற்றைக் கழற்றும்வரை பால்கனியில் பார்பெக்யூவும் சிகரெட்டும் கூடாதென்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினோம். பிறகு ஸ்பெஷல் லெவி வந்தது. தவணையாகத்தான் கட்டினேன், பென்ஷன்காரனுக்கு அது கனமான தொகை.